காகிதத்தில் வந்த மென்பொருள்: தட்டச்சு நிரலும் செக்சமும்

1980-களின் வீட்டுக் கணினிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் ஒரு வரி தவறாமல் வந்து விழும்: "அப்போதெல்லாம் பத்திரிகையில் வரும் ப்ரோகிராமைப் பார்த்து அடித்து அடித்தே எல்லாரும் ப்ரோகிராமிங் கற்றுக்கொண்டார்கள்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாதிதான் உண்மை. அந்தப் பக்கங்களில் கணிசமானவை யாருக்கும் எதையும் கற்றுத்தரும் நிலையில் இல்லை. வெறும் எண்கள், வரிசை வரிசையாக. அவற்றை ஏன் அச்சிட்டார்கள், வாசகர்கள் ஏன் மணிக்கணக்கில் உட்கார்ந்து அடித்தார்கள் என்பது புரிய வேண்டுமானால், அந்தப் பத்திரிகையைப் பாடப்புத்தகமாக நினைப்பதை முதலில் விட வேண்டும். அது மென்பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரு வழி. இன்று இணையம் செய்யும் வேலையை அன்று அச்சுக் காகிதமும் வாசகரின் விரல்களும் சேர்ந்து செய்தன.

அந்த வழியில் பிழை நுழையாமல் காக்க ஒரு பத்திரிகை கண்ட உபாயத்தைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். பத்திரிகையின் பெயர் 'கம்ப்யூட்!'. உபாயத்தின் பெயர் செக்சம்.

தட்டச்சு நிரல் என்றால் என்ன

கணினிக்குத் தரும் கட்டளைகளின் தொகுப்பு நிரல். அந்தக் கட்டளைகளை முழுவதுமாகப் பத்திரிகையில் அச்சிட்டு, வாசகரே தன் கணினியில் அடித்துக்கொள்ளும்படி விட்டால் அதுதான் தட்டச்சு நிரல். விளையாட்டு, வீட்டுக் கணக்கு, இசை, கடிதம் எழுதும் மென்பொருள் என்று எல்லாமே இப்படி வந்தன.

அந்தக் கணினிகளுக்கு இது பொருந்தி வந்ததற்குக் காரணம் இருந்தது. சுவிட்சைப் போட்டதும் நேராக பேசிக் மொழியில்தான் போய் நிற்கும். பேசிக் என்பது 1964-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் குர்ட்ஸும் தொடக்கநிலை மாணவர்களுக்காக உருவாக்கிய நிரல்மொழி. தனியாக எதையும் நிறுவ வேண்டாம், உடனே அடிக்கலாம். கணினியும் சிறியது. கமடோர் நிறுவனத்தின் விக்-20 கணினியைப் போட்டால் "3583 பைட் காலி" என்று திரையில் காட்டும். பைட் என்பது 0 முதல் 255 வரை ஓர் எண் அடங்கும் நினைவக அறை. இவ்வளவு சின்ன இடத்துக்குள் அடங்கும் எந்த நிரலும் இரண்டு மூன்று பக்கத்தில் அச்சாகிவிடும்.

மென்பொருளை வேறு வழியில் அனுப்பிப் பார்க்காமலும் இல்லை. சாதாரண ஒலிநாடா கேசட்டில் நிரலை ஒலியாகப் பதிவதற்குப் பொது முறை ஒன்று வேண்டும் என்று 'பைட்' பத்திரிகை 1975 நவம்பரில் கான்சாஸ் சிட்டியில் ஒரு கூட்டம் கூட்டியது. 'இன்டர்ஃபேஸ் ஏஜ்' என்ற பத்திரிகை 1977 மே இதழோடு மெல்லிய பிளாஸ்டிக் இசைத்தட்டு ஒன்றையே வைத்து அனுப்பியது. அதில் இருந்தது பாட்டு இல்லை, ஒரு பேசிக் மொழிபெயர்ப்பி. பார்கோடாக அச்சிட்டுப் பார்த்தவர்களும் உண்டு. எல்லாமே அழகான யோசனைகள். ஆனால் அவற்றுக்கு வாசகர் வீட்டில் கூடுதலாக ஏதோ ஒரு கருவி வேண்டும், அது இன்னின்ன கணினியோடு ஒத்துப்போகவும் வேண்டும். விசைப்பலகையோ எல்லாரிடமும் ஏற்கெனவே இருந்தது. அதனால்தான் அச்சு வென்றது.

'கம்ப்யூட்!' வந்த விதம்

கமடோர் நிறுவனத்தின் பெட் கணினி 1977-இல் வந்தது. அதை வைத்திருந்தவர்களுக்காக லென் லிண்ட்சே என்பவர் 'பெட் கெஜட்' என்ற சிறு இதழை நடத்தினார். அதை ராபர்ட் லாக் எடுத்துக்கொண்டு, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவிலிருந்து 1979 இலையுதிர் காலத்தில் 'கம்ப்யூட்!' என்ற பெயரில் வெளியிட்டார். 6502 என்ற ஒரே சில்லை மூளையாகக் கொண்ட பெட், ஆப்பிள், ஆட்டரி போன்ற கணினிகளுக்கான இதழாகத்தான் அது தொடங்கியது. எழுதியவர்களில் பெரும்பாலோர் வாசகர்களே. தான் எழுதிய நிரல் நன்றாக இருந்தால் அனுப்பலாம், வெளியானால் பணம் வரும். 1983-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான ஏபிசியின் பதிப்புப் பிரிவு இதை விலைக்கு வாங்கியது. நான்கே ஆண்டுகளில் பொழுதுபோக்குக்காரர்களின் இதழ் பெரிய வியாபாரமாகிவிட்டது.

இதற்குள் ஒரு சங்கடம் முளைத்திருந்தது. எல்லாக் கணினியும் பேசிக் பேசினாலும் எல்லாம் ஒரே பேசிக் பேசவில்லை. திரையைத் துடைப்பதற்கு ஆப்பிளில் ஒரு கட்டளை, ஆட்டரியில் வேறொன்று, கமடோரில் மேற்கோள்குறிக்குள் ஒரு விசித்திரக் குறியீடு. ஆகவே ஒரே விளையாட்டை ஒரு இதழில் நான்கைந்து வடிவங்களில் அச்சிட வேண்டியிருந்தது. ஒருவர் வாங்கும் இதழில் அவருக்கு உதவாத பக்கங்களே அதிகம் என்றானது. 1982-இல் கமடோர் 64 கணினி வந்து விற்பனை சூடுபிடித்ததும், கமடோர்காரர்களுக்கு மட்டும் என்று 1983 ஜூலையில் 'கம்ப்யூட்!ஸ் கெஜட்' தனி இதழாகப் பிரிந்தது. இந்தக் கட்டுரையின் மீதிக் கதை பெரும்பாலும் கெஜட்டில்தான் நடக்கிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்து வைத்துக்கொள்வோம். கணினி சிறியது, நிரல் சிறியது, விசைப்பலகை எல்லாரிடமும் இருந்தது. எனவே அச்சு மலிவான பாதையானது. ஆனால் பாதையின் கடைசிப் பகுதி மனிதர் கை. பிழை நுழைவது அங்கேதான்.

ஓர் எழுத்து மாறினால்

கமடோர் 64-இல் திரையைச் சுற்றி ஒரு கரை தெரியும். அதன் நிறத்தைத் தீர்மானிக்கும் அறையின் எண் 53280. ஓர் அறையில் ஓர் எண்ணை வைக்கும் பேசிக் கட்டளை 'போக்'. கறுப்பு நிறத்தின் எண் 0. ஆக, 'போக் 53280, 0' என்று அடித்தால் கரை கறுப்பாகும்.

இப்போது 'போக்' என்பதையே தப்பாக அடித்தால் கணினி கத்திவிடும்: "இந்த வரியில் இலக்கணப் பிழை." வரி எண்ணையும் சொல்லும். போய்த் திருத்திவிடலாம். தொல்லை தருவது இந்த வகைப் பிழை அல்ல. 53280-க்குப் பதில் 53820 என்று அடித்துவிட்டோம் என்று வையுங்கள். கணினியைப் பொறுத்தவரை அதுவும் முறையான கட்டளைதான். எந்த வேலையும் இல்லாத ஓர் அறையில் போய் பூஜ்யத்தை வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். கரை கறுப்பாகாது, பிழைச் செய்தியும் வராது. இருநூறு வரி நிரலில் இப்படி ஒன்று ஒளிந்திருந்தால் இதழையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தே பொழுது போய்விடும். கண்ணும் ஏமாற்றும், தான் என்ன அடித்ததாக நினைக்கிறதோ அதையே திரும்பப் படிக்கும். பாடினவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்.

எண்களாலான பக்கம்

பேசிக் கொஞ்சம் மந்தமான மொழி. ஒவ்வொரு வரியையும் அது வந்த நேரத்தில் பிரித்துப் படித்துத்தான் செய்யும். வேகமான விளையாட்டு வேண்டுமானால் சில்லுக்கு நேரடியாகப் புரியும் எண்களிலேயே எழுத வேண்டும். அதற்குப் பெயர் இயந்திர மொழி.

அதே கரையைக் கறுப்பாக்கும் வேலை இயந்திர மொழியில் இப்படி இருக்கும்:

169, 0, 141, 32, 208, 96

"169, 0" என்றால் பூஜ்யத்தைக் கையில் எடு. "141, 32, 208" என்றால் அதை 53280-ஆம் அறையில் வை. அறை எண்ணை இரண்டு பைட்டாக உடைத்து எழுதியிருக்கிறது: 208-ஐ 256-ஆல் பெருக்கி 32-ஐக் கூட்டினால் 53280 வருகிறதா, சரி. கடைசி 96 என்றால் வேலை முடிந்தது, பேசிக்கிடம் திரும்பிப் போ.

நான் விளக்கியதால் இது புரிகிறது. பத்திரிகையில் விளக்கம் இருக்காது. இப்படி ஆயிரக்கணக்கான எண்கள் மட்டும் இருக்கும். இதை அடித்து யாரும் ப்ரோகிராமிங் கற்றிருக்க முடியாது. பேசிக் நிரலை அடித்தவர்கள் "இந்த எண்ணை மாற்றினால் உயிர்கள் கூடுமோ" என்று நோண்டிக் கற்றது உண்மைதான். எண் பக்கங்களை அடித்தவர்கள் செய்தது வேறு வேலை. அவர்கள் தரவைக் கடத்தினார்கள்.

இங்கே பிழையின் விலையும் கூடுதல். 96-க்குப் பதில் 69 என்று விழுந்தால் சில்லுக்குத் திரும்பிப் போகும் கட்டளையே கிடைக்காது. நினைவகத்தில் அடுத்து எது கிடக்கிறதோ அதையெல்லாம் கட்டளை என்று நினைத்துச் செய்துகொண்டே போகும். பெரும்பாலும் கணினி உறைந்து நிற்கும். மின்சாரத்தை அணைத்துப் போடுவதைத் தவிர வழியில்லை. அணைத்தால் அடித்ததெல்லாம் போச்சு. "ஓட்டிப் பார்க்கும் முன் சேமித்துவிடு" என்ற அறிவுரை அந்தக் கால இதழ்களில் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

செக்சம்: கூட்டிப் பார்த்தல்

தொலைபேசியில் ஒருவருக்கு நீளமான வங்கிக் கணக்கு எண்ணைச் சொல்கிறீர்கள். அவர் எழுதிக்கொள்கிறார். சரியாக எழுதினாரா என்று பார்க்க முழு எண்ணையும் திரும்பப் படிக்கச் சொல்லலாம். அதைவிடச் சுருக்கமான வழி: "எல்லா இலக்கத்தையும் கூட்டுங்கள், 47 வருகிறதா?" வரவில்லை என்றால் எங்கோ தப்பு. எங்கே என்று தெரியாது, என்ன தப்பு என்றும் தெரியாது. தப்பு இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

அனுப்பும் தரவோடு இப்படி ஒரு சின்ன எண்ணையும் சேர்த்து அனுப்பி, பெறுபவர் அதே கணக்கைப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் முறைதான் செக்சம். தமிழில் சரிபார்ப்புத் தொகை என்பார்கள்.

நம் ஆறு எண்களைக் கூட்டினால் 646. இவ்வளவு பெரிய எண் வேண்டாம் என்று 256-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வார்கள்: 134. இப்போது 96-ஐ 69 என்று அடித்தால் கூட்டுத்தொகை 619, மீதி 107. அச்சில் 134, கணக்கில் 107. பிடிபட்டது.

1983 அக்டோபர் கெஜட்டில் 'ஆட்டோமேட்டிக் ப்ரூஃப்ரீடர்' என்ற குட்டி நிரல் வந்தது. அதை ஓட்டிவிட்டு அடிக்கத் தொடங்கினால், ஒரு வரியை முடித்து ரிட்டர்ன் விசையைத் தட்டிய கணமே அந்த வரியின் செக்சம் திரையின் மேலே தோன்றும். இதழில் அதே வரியின் கடைசியில் 'ரெம்' என்ற சொல்லோடு (கணினி கண்டுகொள்ளாத குறிப்பு என்பதற்கான பேசிக் சொல்) ஓர் எண் அச்சாகியிருக்கும். இரண்டும் ஒன்றா? அடுத்த வரி. வேறா? இப்போதே திருத்து. இருநூறு வரியில் தேடிய பிழையை ஒரே வரிக்குள் அடைத்துப் பூட்டியது இந்த ஏற்பாடு. என் கணக்கில் கெஜட் செய்த பெரிய காரியம் இதுதான், எந்த விளையாட்டையும்விட. போட்டி இதழ்களும் சும்மா இருக்கவில்லை, 'அஹாய்!' இதழில் 'பக் ரிப்பெல்லன்ட்', 'ரன்' இதழில் வேறொன்று என்று ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள்.

ஒரு நியாயமான கேள்வி எழும். ப்ரூஃப்ரீடரையே வாசகர்தான் அடிக்க வேண்டும். அதில் பிழை வந்தால் யார் பார்ப்பது? அந்த நிரல் தொடங்கும்போது தன் எண்களையெல்லாம் தானே கூட்டிப் பார்த்து, எதிர்பார்த்த தொகை வராவிட்டால் "எண்களில் பிழை" என்று சொல்லி நின்றுவிடும். முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனால் நிரல் சிறியது என்பதால் போதுமானது.

கூட்டல் எங்கே ஏமாறும்

செக்சம் ஒத்துப்போனால் எல்லாம் சரி என்று நினைப்பது இன்றும் பரவலான தவறு. அதை உடைக்க நம் ஆறு எண்களே போதும். 32, 208 இரண்டையும் இடம் மாற்றி அடித்துவிடுங்கள்:

169, 0, 141, 208, 32, 96

கூட்டினால் அதே 646, அதே 134. செக்சம் தலையாட்டும். ஆனால் இப்போது அறை எண் என்ன? 32-ஐ 256-ஆல் பெருக்கி 208-ஐக் கூட்டினால் 8400. கரைக்குப் போக வேண்டிய பூஜ்யம் பேசிக் நிரல்கள் தங்கும் பகுதியில் போய் விழுகிறது. நிரல் அந்த இடம்வரை நீண்டிருந்தால் அதில் ஓர் ஓட்டை. கூட்டலுக்கு வரிசை தெரியாது, அதுதான் குறை. தட்டச்சில் மிகச் சாதாரணமாக நேரும் பிழையோ இந்த இடமாற்றம்தான்.

மருந்து எளிது: இருக்கும் இடத்துக்கேற்ப எடை கொடு. முதல் எண்ணை 1-ஆல் பெருக்கு, இரண்டாவதை 2-ஆல், மூன்றாவதை 3-ஆல், இப்படியே போய்க் கூட்டு. சரியான வரிசைக்கு 2336, இடம் மாறியதற்கு 2160. வகுத்து மீதி பார்த்தால் 32, 112. பிடிபட்டுவிட்டது. இடமாற்றத்தையும் பிடிக்கும் புதிய ப்ரூஃப்ரீடர் 1986 பிப்ரவரி இதழில் வந்தது. எண்ணுக்குப் பதில் இரண்டு எழுத்துகளைக் காட்டியது. அச்சிலும் வரிக்கு முன்னால் அதே இரண்டு எழுத்துகள்.

அப்படியும் சில ஓட்டைகள் உண்டு. மீதியாக வரக்கூடியவை 256 எண்கள்தான் என்பதால், கன்னாபின்னாவென்று அடித்த வரியும் சுமார் 256-இல் ஒரு தடவை தற்செயலாகப் பொருந்திவிடும். எதிர்ப்பக்கமும் நடக்கும்: கமடோரில் 'பிரிண்ட்' கட்டளைக்குப் பதில் ஒரு கேள்விக்குறி போட்டால் போதும், ஆனால் பழைய ப்ரூஃப்ரீடர் அடித்த எழுத்தை அப்படியே கூட்டியதால் வரி சரியாக இருந்தும் எண் ஒத்துப்போகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதியவரே தப்பாக எழுதியிருந்தால் செக்சம் அந்தத் தப்பைப் பத்திரமாக உங்களிடம் சேர்க்கும். அதற்காகவே இதழ்களில் திருத்தப் பகுதிகள் இருந்தன. 'கம்ப்யூட்!'டில் அதன் தலைப்பு, இதழின் பெயரையே குப்புறக் கவிழ்த்தது போல 'கபூட்!', கெஜட்டில் 'பக் ஸ்வாட்டர்'.

சுருக்கமாக: செக்சம் பிழையைத் திருத்தாது, பிழை உண்டு என்று சொல்லும். அது பார்ப்பது அச்சில் உள்ளதும் அடித்ததும் ஒன்றா என்பதை. நிரல் நல்ல நிரலா என்பது அதன் வேலை இல்லை.

ஸ்பீட்ஸ்கிரிப்டும் ஏழாயிரம் எண்களும்

வெறும் எண் பக்கங்களுக்காகவே 'எம்எல்எக்ஸ்' என்ற துணை நிரல் 1983 டிசம்பரில் வந்தது. வரிக்கு ஆறு எண்கள், ஏழாவதாகச் செக்சம். சரியாக அடித்தால் மணிபோல் ஓர் ஒலி, தப்பென்றால் கரகரவென்று ஒரு சத்தம். பாதியில் சேமித்துவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அடுத்த மாதமே அதன் அருமை தெரிந்தது. 1984 ஜனவரி கெஜட்டில் சார்ல்ஸ் பிரானன் எழுதிய 'ஸ்பீட்ஸ்கிரிப்ட்' வந்தது. கடையில் விற்கும் தரத்தில் ஒரு சொற்செயலி, முழுக்க இயந்திர மொழியில், இதழின் விலைக்கே. 'கம்ப்யூட்!' குழுமம் அச்சிட்ட நிரல்களில் மிகவும் புகழ்பெற்றது அதுதான். மேம்படுத்திய வடிவங்கள் பின்னால் வந்தன, ஆட்டரிக்கும் ஆப்பிளுக்கும்கூட.

இதை அடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? 6 கிலோபைட் நிரல் ஒன்றை வைத்துக் கணக்குப் போடலாம். 6,144 பைட், வரிக்கு ஆறு என்றால் 1,024 வரிகள், செக்சத்தோடு 7,168 எண்கள். ஓர் எண்ணுக்கு இரண்டு வினாடி என்றாலே நான்கு மணி நேரம். முன்பு சொன்ன கான்சாஸ் சிட்டி கூட்டத்தில் பிறந்த முறையில் பதிந்த கேசட்டிலிருந்து இதே அளவை ஏற்ற நான்கு நிமிடம்கூட ஆகாது. மனிதரின் வேகம் அவ்வளவுதான்.

ஏன் நின்றது

அந்தக் கணக்கிலேயே விடை இருக்கிறது. நினைவகம் பெருகப் பெருக நிரலும் வளர்ந்தது; நான்கு மணி நேரம் நாற்பதானால் யார் அடிப்பார்கள்? கூடவே ஃபிளாப்பி டிரைவ் பரவியது. அதே மாத நிரல்களை ஃபிளாப்பியில் சந்தாவுக்கு அனுப்பும் ஏற்பாட்டைப் பத்திரிகையே செய்தது. 'கம்ப்யூட்!' 1988-இல் தட்டச்சு நிரல்களை நிறுத்திக்கொண்டது. 1990-இல் ஜெனரல் மீடியா நிறுவனம் இரண்டு இதழ்களையும் வாங்கியது. கெஜட் தனித்தன்மை இழந்து 'கம்ப்யூட்' இதழுக்குள் ஒரு பகுதியானது. 'கம்ப்யூட்' 1994-இல் நின்றது. ஃபிளாப்பி வடிவில் மட்டும் வந்துகொண்டிருந்த கெஜட் 1995 பிப்ரவரி வரை தாக்குப்பிடித்தது.

செக்சம் இன்று

விரல்கள் விலகிவிட்டன, செக்சம் விலகவில்லை. இணையத்தில் டிசிபி என்ற விதிமுறைப்படி போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்திலும் ஒன்று இருக்கிறது, அதுவும் எளிய கூட்டல் வகைதான். பழைய பத்து இலக்க ஐஎஸ்பிஎன் நூல் எண்ணின் கடைசி இலக்கம் இடத்துக்கேற்ப எடை கொடுத்துக் கணக்கிட்டது. வங்கி அட்டை எண்ணின் கடைசி இலக்கம் ஐபிஎம்-இல் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் வகுத்த முறைப்படி வருவது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் கண்டுபிடித்துவிடும், 09-ஐ 90 என்று மாற்றினால் மட்டும் கோட்டை விடும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். மென்பொருளைப் பதிவிறக்கும் இடத்தில் நீளமாக ஒரு குறியீட்டைப் போட்டு 'செக்சம்' என்று எழுதியிருப்பார்கள். அது பெரும்பாலும் எஸ்ஹெச்ஏ-256 போன்ற ஹாஷ். கூட்டல் வகைச் செக்சம் கைதவறுதலுக்கு எதிரான காவல். வேண்டுமென்றே மாற்றுபவரை அது தடுக்காது. ஓர் எண்ணில் ஐந்தைக் கூட்டி இன்னொன்றில் ஐந்தைக் குறைத்தால் தொகை மாறாதே. ப்ரூஃப்ரீடருக்கு அந்தக் கவலை இருக்கவில்லை, தன் நிரலில் தானே திருட்டுத்தனமாக மாற்றம் செய்ய வாசகருக்கு என்ன அவசியம்? முன்பின் தெரியாத சர்வரிலிருந்து கோப்பு வரும்போது நிலைமை வேறு. ஒரே ஒரு பிட் (0 அல்லது 1 என்ற மிகச் சிறிய தரவு அலகு) மாறினாலும் முற்றிலும் வேறு விடை வரும்படியும், அதே விடை தரும் இன்னொரு கோப்பைத் தயாரிப்பது நடைமுறையில் இயலாதபடியும் ஹாஷ்களை வடிவமைக்கிறார்கள்.